மேலே ஏறிப் பார்த்தேன் என்று எழுதிய நாள்

போன மாதம் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு போன் வந்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் சுகாதார ஆய்வாளர் கவிதா பேசினார். இப்போது குடிநீர்த் தொட்டியில் குளோரின் போட்டால், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எடுத்தது என்ற விவரத்தோடு போட்டோ அனுப்ப வேண்டுமாம். மலையில் சிக்னல் கிடைக்காமல் படுகிற பாட்டைப் பத்து நிமிஷம் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "சார், உங்க சர்வீஸ்ல போட்டோ எல்லாம் இல்லியே. நீங்க எழுதுனத எப்படி சார் நம்புனாங்க?" என்று கேட்டார்.

"நம்புனாங்கம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு உட்கார முடியவில்லை. கண்ணமங்கலத்தில் என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். செருப்பைக் கழற்றாமலே மறுபடி கிளம்பினேன். "இன்னாத்துக்கு இப்படி அலையிறீங்க?" என்று மனைவி கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்றேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆனவனுக்கு என்ன ஆபீஸ் விஷயம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் வாயால் சொல்லி முடித்திருப்பேன். எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பன்னிரண்டாவது முடித்து, சுகாதார ஆய்வாளர் பயிற்சி ஒரு வருஷம். கொசு வகைகள், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், கழிப்பறைக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி, எல்லாம் நோட்டில் வரைந்தோம். மலைக்கு வேலைக்குப் போனபோது அந்த நோட்டு உதவவில்லை, கால்தான் உதவியது. ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஊர் ஊராக நடப்பேன். காய்ச்சல்காரர்களின் விரலைக் குத்தி மலேரியாவுக்கு ரத்தம் எடுப்பேன். பிறப்பு, இறப்பு எழுதுவேன். தண்ணீர்த் தொட்டி பார்ப்பேன். சாமை அறுப்பு முடிந்தால் பாதி ஊர் கர்நாடகத்துக்குத் தோட்ட வேலைக்குப் போய்விடும். திரும்பி வரும்போது காய்ச்சலோடு வரும். பூட்டிய வீடுகளின் கதவில் சாக்கட்டியால் தேதி போட்டுவிட்டு வருவேன். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

அப்போதுதான் டாக்டர் ஷாஹிதா எங்கள் வட்டார மருத்துவ அலுவலராக வந்தார். வாணியம்பாடிக்காரர், தோல் வியாபாரக் குடும்பம். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் கத்துவார்கள். கத்தி முடித்ததும் விஷயம் முடிந்துவிடும். இவரிடம் அது நடக்காது. "கிட்டத்தட்ட எல்லா வீடும் பார்த்தாச்சு மேடம்" என்று சொன்னால், பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "எத்தனை வீடு பாக்கி?" என்பார். எண் வரும்வரை பேனா தாளைத் தொடாது. நாமும் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

வந்த முதல் மாதமே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பதிவேட்டில் எந்த வரி எழுதினாலும் கடைசியில் ஓர் எழுத்து போட வேண்டும். நாமே கண்ணால் பார்த்ததென்றால் 'பா'. பிறர் சொல்லிக் கேட்டதென்றால் 'கே'.

"கே போட்டா நான் திட்ட மாட்டேன்" என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். "எல்லாத்தையும் ஒரு ஆளால பார்க்க முடியாது. ஆனா பா போட்டிருந்தா, நான் மறுபடி போய்ப் பார்க்க மாட்டேன். அத நம்பித்தான் அடுத்த வேலை செய்வேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. என் பதிவேட்டில் பா அதிகம் என்று ஒருமுறை கூட்டத்தில் சொன்னார். அந்த வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பெருமையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று தோன்றுகிறது. கே போட எனக்குக் கூச்சம் வந்துவிட்டது.

தும்பைக்கொல்லை என்று ஒரு ஊர். நாற்பது வீடு இருக்கும். ஓடைக்கு மேலே இருக்கும் கிணற்றிலிருந்து குழாய் வழியாக மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறும். தொட்டியிலிருந்து தெருக்குழாய்களுக்கு வரும். தொட்டியைப் பார்த்துக்கொள்வது அந்த ஊர் முருகேசன். வாரம் ஒருமுறை நான் போய், அவன் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவதை மேலே ஏறிப் பார்த்து, அரை மணி நேரம் காத்திருந்து, கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் குழலில் நீரை எடுத்து மருந்தைச் சொட்டினால் மஞ்சள் தட்ட வேண்டும். தட்டினால் குளோரின் இருக்கிறது. தட்டாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சோதனை.

தார் ரோடு வெள்ளையன் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். அங்கேதான் வண்டியை நிறுத்துவேன். வெள்ளையன் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஆடு வளர்ப்பவர். அவர் மனைவி காளியம்மா நான் போகும்போதெல்லாம் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டும். வேண்டாமென்றால், "மோருக்கும் சீட்டு எழுதணுமா சார்?" என்று சிரிக்கும். ஊரில் யாருக்குப் பிரசவம், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் எனக்கு அந்த வாசலிலேயே தெரிந்துவிடும்.

ஓய்வுக்கு ஆறு வருஷம் இருந்தபோது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை. தொட்டியின் இரும்பு ஏணி நனைந்து பாசியாக இருந்தது. எனக்கு முழங்காலில் வலி. "நீங்க இன்னாத்துக்கு சார் ஏறுறீங்க, வழுக்குது. நான் போட்டுட்டு சொல்றேன்" என்றான் முருகேசன். நான் குடை பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். "போட்டாச்சு சார்!" என்று மேலிருந்து குரல் கொடுத்தான்.

இறங்கி வந்ததும் ஒன்று சொன்னான். "சார், இந்த மூட்டையில வாசனையே இல்ல சார். முன்னெல்லாம் தெறந்தாலே கண்ணு எரியும். இப்ப சுண்ணாம்பு மாதிரி கீது."

பிளீச்சிங் பவுடர் ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும். பயிற்சியில் படித்ததுதான். "புது மூட்டை அடுத்த வாரம் வருது. அதுவரைக்கும் கொஞ்சம் கூடப் போடு" என்றேன். அரை மணி நேரம் காத்திருக்கவில்லை. சோதிக்கவில்லை. வண்டி சீட்டின் மேல் பதிவேட்டை வைத்து, 'தொட்டி ஏறிப் பார்க்கப்பட்டது. கடைசிக் குழாயில் குளோரின் உள்ளது' என்று எழுதி, பா போட்டேன். பேனாவை மூடும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

வியாழக்கிழமை காலையில் செவிலியர் போன் செய்தார். தும்பைக்கொல்லையில் மூன்று பேருக்கு வாந்தி பேதி. நான் போய்ச் சேர்வதற்குள் ஏழு. டாக்டர் ஷாஹிதா வந்தபோது பதினொன்று. பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். ஜன்னல் கம்பிகளில் சலைன் பாட்டில்களைக் கட்டினோம். கஞ்சித் தண்ணீர் நிறத்தில் பேதி போனது. காளியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் அழுக்கான துணிகளைக் கொண்டுபோய் அலசிக் கொடுத்தார்கள்.

டாக்டர் ஒரு ஆளுக்கு ஊசி போட்டு நிமிர்ந்த இடைவெளியில் என்னைக் கேட்டார்: "தொட்டி?"

"பார்த்தது மேடம். திங்கக்கிழமை. பா போட்டிருக்கேன்."

தலையை ஆட்டினார். அதோடு தொட்டியை விட்டுவிட்டார். "அப்போ சாப்பாடு. முந்தாநாள் ஊர்ல ஏதாவது விருந்து நடந்துதா?" என்று செவிலியரிடம் திரும்பினார். ஒரு காதுகுத்து நடந்திருந்தது. யார் யார் சாப்பிட்டார்கள், என்ன சாப்பிட்டார்கள், முதல் பேதி எத்தனை மணிக்கு என்று பட்டியல் எடுக்கச் சொன்னார். பள்ளிக்கூடக் கரும்பலகையில் வீடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, நோயாளி இருக்கும் வீட்டில் பெருக்கல் குறி போட்டார். நான் போட்ட ஓர் எழுத்தை நம்பி ஒரு டாக்டர் வேறு பக்கம் நடக்கத் தொடங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியல் எடுக்கிறேன் என்று கிளம்பி, நேராகக் கடைசிக் குழாய்க்குப் போனேன். கண்ணாடிக் குழலில் நீரைப் பிடித்து மருந்தைச் சொட்டினேன். நிறம் மாறவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். வெறும் தண்ணீராகவே இருந்தது.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். நான் ஓடியது வண்டிக்கு. பெட்டியில் வேறு ஊருக்கென்று வைத்திருந்த புதுப் பவுடர் பொட்டலம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஏறாத ஏணியில் மடமடவென்று ஏறினேன். வாளியில் கரைத்து, தெளிந்ததும் தொட்டியில் ஊற்றினேன். கண் எரிந்தது. அப்பாடா, இனி தண்ணீர் சுத்தம், யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். மணி பன்னிரண்டரை.

ஏணியிலிருந்து இறங்கி வரும்போது வெள்ளையன் வாசலில் காளியம்மா நின்றிருந்தது. துணி அலசி அலசிக் கை வெளுத்திருந்தது. குடத்தில் சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து மடமடவென்று குடித்தது. காலையில் பிடித்து வைத்த தண்ணீர். நான் தொட்டியில் மருந்து ஊற்றுவதற்கு முன்னால் பிடித்தது. அந்த ஊரில் நாற்பது வீட்டிலும் அதே தண்ணீர்தான் குடம் குடமாக இருந்தது. தொட்டியைச் சரி செய்துவிட்டேன், குடங்கள் ஞாபகம் வரவில்லை என்று பிறகு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். காளியம்மா குடித்தபோது ஞாபகம் வந்தது. "குடிக்காதம்மா, கொட்டு" என்று சொன்னால், ஏன் என்று கேட்கும். நான் பேசாமல் கடந்து போனேன்.

மூன்று மணிக்கு டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "காதுகுத்துக்கே போகாத மூணு வீட்டுலயும் ஆள் படுத்திருக்கு. இது சாப்பாடு இல்ல" என்றார். கடைசிக் குழாய்க்கு அவரே நடந்தார். நானும் பின்னால் போனேன். அவரே நீர் பிடித்து, அவரே மருந்து சொட்டினார். பளிச்சென்று மஞ்சள். குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தண்ணியும் இல்லியே. அப்போ என்னதான் இது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் கண்ணால் பார்த்ததையும் நான் பொய்யாக்கி வைத்திருந்தேன்.

நாலு மணிக்குக் காளியம்மாவைத் தூக்கிக்கொண்டு வெள்ளையன் வந்தார். காலையிலிருந்து நின்று வேலை செய்த பெண்ணுக்குக் கண் உள்ளே போய்விட்டிருந்தது. கையை அழுத்தினால் நாடி தட்டவில்லை. டாக்டர் மண்டியிட்டு நரம்பு தேடினார்.

"மேடம்" என்றேன். "திங்கக்கிழமை நான் ஏறல."

அவர் நிமிரவில்லை. ஊசியை ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி, சலைனைத் திறந்து, சொட்டு விழுவதைப் பார்த்த பிறகுதான் திரும்பினார்.

"இப்ப மஞ்சள் வந்துதே?"

"பன்னெண்டரைக்கு நான்தான் போட்டேன் மேடம். அதுக்கு முன்னாடி எடுத்துப் பார்த்தேன். நிறம் வரல."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப நாலே கால்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வீட்டுக்கு வீடு போங்க. குடம், தவலை, அண்டா, ஆட்டுக்கு வெச்ச தண்ணி வரைக்கும் கவுத்துடணும். சொல்லிட்டு வராதீங்க. உங்க கண்ணு முன்னாடி கவுக்கணும். முருகேசன் குழாய் வழியே மேல வரைக்கும் நடக்கட்டும்."

நாற்பது வீட்டிலும் நின்று கவிழ்க்கச் செய்தேன். "இன்னா சார், குழாயில நின்னு புடிச்ச தண்ணி, இத்தக் கொட்டச் சொல்ற?" என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டேன். முருகேசன் இருட்டுவதற்குள் திரும்பி வந்தான். ஓடையைத் தாண்டுகிற இடத்தில் மழைக்கு மண் சரிந்து குழாய் மூட்டு கழன்றிருந்தது. மோட்டார் நின்றால் ஓடைக் கரைத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கரையில்தான் ஊரே வெளிக்குப் போகும்.

காளியம்மாவை ஆம்புலன்ஸில் திருப்பத்தூருக்கு அனுப்பினோம். வழியெல்லாம் மழை, ஒரு வளைவில் மரம் விழுந்து வண்டி நின்றது. கொண்டுபோய்ச் சேர்த்தும் மறுநாள் இறந்துவிட்டது. மற்ற எல்லோரும் பிழைத்தார்கள். குடங்களைக் கவிழ்த்த இரண்டாம் நாளுக்குப் பிறகு புதிதாக யாரும் விழவில்லை.

ஊரில் முருகேசனை அடிக்கப் போனார்கள். ஆள் கவனமில்லாமல் இருந்ததால்தான் வந்தது, வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று பெரிய மனிதர்கள் பேசினார்கள். டாக்டர் எழுதிய அறிக்கையில், பவுடர் வீரியம் இழந்ததை முருகேசன் முன்கூட்டியே சொல்லியிருந்தான் என்பது முதல் வரி. அதைக் கேட்டும் சோதிக்காமல் பொய்ப் பதிவு செய்தவர் சுகாதார ஆய்வாளர் என்பது இரண்டாவது வரி. அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். "தப்பா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பதவி உயர்வு நின்றது. கடைசிவரை ஆய்வாளராகவே இருந்து ஓய்வு பெற்றேன். அதில் எனக்கு யார் மீதும் வருத்தமில்லை.

ஒருநாள் தனியாகக் கேட்டேன். "மேடம், பன்னெண்டரைக்கே சொல்லியிருந்தா அந்தம்மா பொழச்சிருக்குமா?"

"தெரியாது" என்றார். "முந்தின நாளே குடிச்சிருக்கலாம். துணி அலசினதுல தொத்தியிருக்கலாம். நீங்க நிம்மதியா தூங்கறதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. தூங்காம இருக்கறதுக்கும் இல்ல."

மலையை விட்டுப் போய்விட நினைத்தேன். கணியம்பாடிப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு மனுவைத் திருப்பி நீட்டினார். "அந்தத் தொட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அடுத்த வருஷம் அவரே மாறுதலில் போய்விட்டார். நான் இருந்தேன். வாரா வாரம் தும்பைக்கொல்லைக்குப் போனேன். வண்டியை வெள்ளையன் வாசல் வரை கொண்டுபோகாமல் முன்னாலேயே பள்ளிக்கூடத்துப் பக்கம் நிறுத்தினேன். ஏணி ஏறினேன், கடைசிக் குழாயில் அரை மணி நேரம் நின்றேன். மஞ்சள் தட்டியதும் எழுதுவேன். எழுதிவிட்டு ஒரு வளைவு தாண்டியதும் சந்தேகம் வரும். உண்மையிலேயே பார்த்தேனா? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி தண்ணீர் பிடிப்பேன். முருகேசன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெள்ளையனிடம் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட நின்று பேசவில்லை. தூரத்தில் பார்த்தால் கையைத் தூக்குவேன். அவரும் தூக்குவார்.

வேலையின் கடைசி வாரத்தில் தொட்டி வேலை முடித்து, நேராக அவர் வாசலுக்குப் போனேன். முற்பகல், நல்ல வெயில். சாமை காயப் போட்டிருந்தார். கால் படாமல் சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.

"வா சார். ரிட்டயர்டு ஆவுறியாமே. உக்காரு."

நான் உட்காரவில்லை. "வெள்ளையண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு..."

"டாக்டரம்மா சொல்லிட்டுது சார்" என்றார். "காரியம் முடிஞ்ச மூணாம் நாளே வந்துச்சி. எங்க ஆபீஸ் தப்பால உங்க சம்சாரம் போச்சுன்னு சொல்லிட்டு, இதே எடத்துல நின்னுக்கினு இருந்துச்சி. பேரு சொல்லல. தொட்டி பாக்கறதுக்கு எங்க ஊருக்கு வர்றது நீ ஒரு ஆளுதானே சார்?"

ஆறு வருஷம் தெரிந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறார். "ஏண்ணா என்னை ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"கேக்கணும்னுதான் இருந்தேன். அடுத்த வாரம் நீ வந்து ஏணி ஏறுன. சரி, இந்த வாரம் ஏறுறான், ஏறாத வாரம் புடிச்சிக் கேக்கலாம்னு வுட்டுட்டேன். இங்கேருந்து பாத்தா தொட்டி நல்லாத் தெரியும் சார். திங்கக்கிழமை ஆனா ஆட்ட ஓட்டிக்கினு போவ மாட்டேன். நீ ஏறி எறங்கன பொறவுதான் போவேன்."

திரும்பிப் பார்த்தேன். மரங்களுக்கு மேலே தொட்டி முழுசாகத் தெரிந்தது, ஏணியின் ஒவ்வொரு படியும். அத்தனை திங்கட்கிழமையும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார். குனிந்து சாமையைக் காலால் கிளறிவிட்டார். பிறகு தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்த திங்கக்கிழமை யாரு சார் ஏறுவாங்க?"